அட்சதைக்கு அனுமதி இல்லை

செருப்ப வெளியவே கழட்டி விட்ருங்க. கோவிச்சுக்காதீங்க, யாரா இருந்தாலும் அதுதானுங்க. போன மாசம் ஒரு எம்எல்ஏ வந்தாரு, அவரையும் கழட்டச் சொல்லிப்போட்டேன். கிரானைட்டு புதுசுங்க. உக்காருங்க. பொண்ணூட்டுக்காரருங்களா, மாப்ள ஊட்டுக்காரருங்களா? பொண்ணூடுங்களா, நெம்பச் சந்தோசம். பல்லடத்துல இருந்து தாராபுரம் வரைக்கும் தேடி வந்திருக்கறீங்கன்னா நம்ம மண்டபத்தப் பத்தி நாலு பேரு நல்லா சொல்லியிருக்கோணும்.

தேதி பாக்கறதுக்கு முன்னால ரூலச் சொல்லிப்போடறேன். பொறவு ஒருத்தருக்கொருத்தரு மனஸ்தாபம் ஆகக் கூடாது பாருங்க. சொவத்துல ஆணி அடிக்கக் கூடாது, டேப்பு ஒட்டக் கூடாது. வெளிய இருந்து சாப்பாடு கொண்டாரக் கூடாது. பந்திக்கு எத்தன பேருன்னு முன்னாடியே சொல்லிப்போடோணும், அதுக்கு மேல ஒரு எலை உழுகாது. அடுத்த பார்ட்டி வந்து வாசல்ல நிக்கறதுக்குள்ள காலி பண்ணிப்போடோணும். முகூர்த்தம் தள்ளிப்போச்சு, மாமன் வரலைன்னு சொன்னா நான் கேக்க மாட்டேன். கொண்டு வந்தது எதுவும் இங்க இருக்கக் கூடாது, இங்க இருக்கறது எதுவும் உங்ககோட வரக் கூடாது. அவ்வளவுதானுங்க. ரூலு இல்லீன்னா மண்டபம் சந்தக்கடை ஆயிப்போயிரும்.

ஆனா ரூலுக்கும் ஒரு அளவு வேணுமுங்க. அளவில்லாத ரூலு என்ன பண்ணும்னு நான் கண்ணால பாத்துட்டு வந்தவன். அண்டார்டிகாவுல.

ஆமாங்க, அண்டார்டிகாதான். பூமி முடியற எடம். வெறும் பனிக்கட்டி. போன மார்கழியில நானும் என்ற சம்சாரமும் போயிட்டு வந்தோம். சிரிக்காதீங்க, காரணம் இருக்குது.

என்ற சகலை லோகநாதன்னு ஒருத்தரு, காங்கேயத்துல மண்டபம் வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன்தான், நான் தப்பா எதுவும் சொல்லல. அவரு அறுபதாங் கல்யாணத்த சுவிட்சர்லாந்துல ஒரு பனிமலை மேல போயி வெச்சுக்கிட்டாரு. அதோட உட்டாரா? அந்தப் போட்டோவ ஆள் ஒசரத்துக்குப் பெருசு பண்ணி மண்டபத்து வாசல்ல மாட்டிப்போட்டாரு. அதுல இருந்து ஒறம்பரைல, சொந்தபந்தத்துல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் கல்யாணம் வெக்க அவரு மண்டபத்துக்குத்தான் போறானுங்க. என்ற அக்கா பேத்தி கல்யாணமே அங்கதான் நடந்துச்சுங்க. நான் போயி அந்தப் போட்டோவுக்குக் கீழ நின்னு மொய் வெச்சுட்டு வந்தேன். அப்ப எப்படி இருந்திருக்கும்னு ரோசிச்சுப் பாருங்க.

சரி, எனக்கும் அறுபது முடியுது. அவரு மலைக்குப் போனா நான் பனிக்கே போயர்றேன்னு முடிவு பண்ணிப்போட்டேன். கோயமுத்தூருல ஒரு ஏஜெண்டு புடிச்சு டிக்கெட்டு எடுத்துட்டுத்தான் மயிலாத்தாகிட்டச் சொன்னேன். மயிலாத்தா என்ற சம்சாரம். கேட்டதும் அவளுக்குச் சந்தோசத்துல பேச்சே வரலைங்க. அன்னைக்கு ராத்திரி சோத்தப் போட்டுட்டு அந்தால போனவ, ரெண்டு நாளு ஒரு வார்த்த பேசல. அவ்வளவு சந்தோசம்.

ஜோசியர்கிட்ட முகூர்த்தம் கேக்கப் போனா, மார்கழியில ஏதுன்னு அவரு கைய விரிச்சுட்டாருங்க. அதுவும் அங்க அந்த மாசத்துல பொழுது உழுகறதே பேருக்குத்தானாமா. ராகு காலம்கறது பகல எட்டாப் பிரிச்சு எடுக்கறது. பகலே அத்தன நீளம்னா ராகு காலமும் அதுக்குத் தக்க நீளமாப் போயிருது. எமகண்டத்துல பாதிக் கப்பலு முழுகிரும் போல இருந்துச்சு. எப்படியோ அடிச்சுத் திருத்தி ஒரு நாளு குறிச்சுக் குடுத்தாரு. காலைல ஒம்பது மணிக்கு மேல ஒரு அரை மணி நேரம், அத உட்டா வேற இல்லீன்னு கறாராச் சொல்லிப்போட்டாரு.

அர்ஜென்டினான்னு ஒரு நாடு. அதுல கடைசி ஊர்ல கப்பலு ஏறுனோம். ஏறுன அன்னைக்கிருந்து ரெண்டு நாளைக்குக் கடலு எங்களப் போட்டு மாவாட்டுச்சுங்க. நான் குடலெல்லாம் வெளிய வந்து படுத்துட்டேன். மயிலாத்தாளுக்கு ஒண்ணும் ஆகல. ஜன்னலோரமா உக்காந்து பறவையப் பாத்துட்டிருந்தா.

மூணாம் நாளு வந்தா பாருங்க அந்தப் புள்ள. இங்கிரிட்டுன்னு பேரு, நார்வேக்காரி. கப்பல்ல இருந்து எறங்கறவங்களுக்கெல்லாம் அவதான் மேஸ்திரி. கைல ஒரு வேக்குவம் கிளீனரு. ஒவ்வொருத்தனையும் நிக்க வெச்சு சட்டப்பை, பேண்டுப்பை, பேக்கு மூலை எல்லாத்தையும் உறிஞ்சறா. ஒரு புல்லு வெதை, ஒரு மண்ணு, ஒண்ணு கூட அங்க போகக் கூடாதாமா. பூட்ஸ மருந்துத் தண்ணியில முக்கோணுமாமா, போறப்பவும் வர்றப்பவும். நான் யாருங்க, சென்னியப்பக் கவுண்டரு. என்ற காலப் புடிச்சு பூட்ஸடியில ஒரு குச்சிய உட்டு நோண்டறா. அடுத்தவன் எடத்துக்கு வந்தவன அப்படியா நடத்தறது? செருப்புக் காலோட வந்தாத்தான் என்ன கொறஞ்சு போகுது?

என்ற பேக்கு மொறை வந்துச்சு. முகூர்த்தப் பை இருக்குதில்லைங்க, வெத்தல பாக்கு, தேங்கா, குங்குமம், மஞ்சக் கயிறு, மஞ்சக்கெழங்கு, அட்சத, அத்தனையும் எடுத்து மேசைல பரப்பி வெச்சுப்போட்டா. வெத்தலையப் பாத்ததும் அவ மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. மஞ்சக்கெழங்கு உசுரோட இருக்குதாமா, நட்டா மொளைக்குமாமா. நான் என்னங்க, பனிக்கட்டியில மஞ்சக் காடு வெச்சு ஈரோட்டு மார்க்கெட்டுக்கு லோடு அனுப்பப் போறனா? அட்சதையாவது குடுன்னு கேட்டேன். பச்சரிசி மொளைக்காதும்மா, தோலு நீக்குனது, எங்க ஊர்ல சின்னக் கொழந்தைக்கும் தெரியும்னு என்ற இங்கிலீசுல எடுத்துச் சொன்னேன். மொளைக்குதோ இல்லியோ, பெங்குவின் தின்னுபோடும், சீக்கு வந்துரும்கறா. கடைசியில தங்கத் தாலிக்கு மட்டும் பெர்மிசன் குடுத்தா. அதையும் மருந்துத் துணியில தொடச்சுக் குடுத்தா.

நானும் உடல. சரிம்மா, இந்த எடத்துக்கு ஓனரு யாரு, அவர்கிட்டப் பேசிக்கறேன்னேன். எந்த ரூலா இருந்தாலும் ஓனரப் பாத்துப் பேசுனா ஒரு வழி பொறக்கும், இங்கயே எத்தன பேரு என்னையப் பாத்துப் பேசறாங்க. அவ சிரிக்கறா. ஓனரே இல்லைங்களாமா. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லையாமா. நாடெல்லாம் கூடி உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டு, அதுல இருந்து வந்த ரூலாமா. கேட்டுக்கிட்டீங்களா? ஓனரே இல்லாத எடத்துக்கு எதுக்குங்க இத்தன ரூலு? யாரு கேக்கப் போறா?

இதெல்லாம் நடந்துட்டிருக்கறப்ப மயிலாத்தா என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? அந்தப் புள்ள பக்கத்துல நின்னு அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டே இருந்தா. அப்பறம் தானே ரெண்டு காலையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு நீட்டுனா. இங்கிலீசு தெரிஞ்ச எனக்கு அந்தப் புள்ள பேசறது பாதிக்கு மேல வெளங்கல. இங்கிலீசே தெரியாத இவளுக்கு எல்லாம் வெளங்குச்சு. இவ தமிழ்ல கேக்கறா, அது இங்கிலீசுல சொல்லுது, ரெண்டு பேரும் தலையாட்டிக்கறாங்க.

அப்பறம் இன்னொரு ரூலு. ஒரு சமயத்துல நூறு பேருக்கு மேல கரைல இருக்கக் கூடாதாமா. அதுனால கப்பல ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, மொதக் கூட்டம் எறங்கிட்டு வந்தாத்தான் அடுத்தது. முகூர்த்த நாளன்னைக்கு எங்க கூட்டத்துக்கு மத்தியானந்தான். கல்யாண நேரத்த இவங்க முடிவு பண்றாங்க பாருங்க. அநியாயமில்லைங்களா? பொறவு மொதக் கூட்டத்துல ஒரு ஜெர்மன் தாத்தாவையும் பாட்டியையும் புடிச்சு, அவருக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரத்தப் போத்தி, அவங்க எடத்துல நாங்க போறாப்புல மாத்திக்கிட்டேன். அந்தத் தாத்தா அதைய ஊரு போற வரைக்கும் கழுத்துல இருந்து எடுக்கல.

அட்சத விசயமும் அப்படித்தானுங்க. எல்லாத்தையும் அவ எடுத்துக்கிட்டான்னா நெனைக்கறீங்க? ஒரு கைப்புடி அரிசிய முந்தியே கர்ச்சீப்புல முடிஞ்சு எடுத்து வெச்சிருந்தேன். அட்சத இல்லாமத் தாலி கட்டுனா அது கல்யாணமுங்களா? கம்பளிக் குல்லாவுக்குள்ள வெச்சு மாட்டிக்கிட்டேன். அவ வேக்குவம் தலைக்கு வரல.

ரப்பர் படகுல போயி எறங்குனோம். வெள்ள வெளேர்னு பனி. அதுல கூட்டங் கூட்டமாப் பெங்குவின். நாத்தம்னா நாத்தம், அதைய எந்த போட்டோவுலயும் காட்ட மாட்டேங்கறாங்க. அதுங்களுக்கு அஞ்சு மீட்டரு தள்ளித்தான் நிக்கோணும். அதுங்க நடக்கறதுக்குன்னு பனியில பள்ளமா தடம் இருக்குது. அந்தத் தடத்துல அது வந்துச்சுன்னா நாம நின்னு வழி உட்றோணும். நாம வழி உட்றோணுமுங்க, அதுக்கு. உக்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அங்க ஒண்ணுக்குப் போறதுக்குக் கூடப் பெர்மிசன் இல்லீங்க, கப்பலுக்குத்தான் வரோணும்.

நான் போட்டோவுக்கு எடம் பாத்துட்டு முன்னால போயிட்டேன். அந்தத் தடத்தத் தாண்டி அக்கட்டால ஒரு மேடு, பின்னாடி நீலமா பனிமலை. லோகநாதன் போட்டோவுல இருக்கறதெல்லாம் ஒரு மலையான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. ஸ்டாண்ட நட்டு செல்போன மாட்டுனேன். போன்ல முகூர்த்த நேரத்துக்குக் கெட்டிமேளம் அடிக்கறாப்புல அலாரமும், தானா போட்டோ எடுக்கறாப்புல டைமரும் வெச்சிருந்தேன். தாலியக் கையில எடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா, மயிலாத்தா அந்தப் பக்கம் நிக்கறா. நடுவுல பெங்குவினுங்க.

ஒண்ணு ரெண்டு இல்லீங்க, மாப்ள அழைப்பு வர்ற மாதிரி வருது. ஆடி அசைஞ்சு, நின்னு நின்னு. ஒண்ணு நின்னா பின்னாடி வர்றதெல்லாம் நின்னுக்குது. வெசையாப் போங்கடான்னு சொல்லவும் முடியல, சத்தம் போடக் கூடாது. கைய ஆட்டுனேன். இங்கிரிட்டு அந்தப் பக்கம் மயிலாத்தாகோட நின்னுட்டு, பொறு பொறுன்னு என்னையப் பாத்துக் கையக் காட்டறா. நேரம் போயிட்டே இருக்குது.

அதுல ஒரு பெங்குவினு வாயில ஒரு கல்லக் கவ்விட்டு வந்துச்சுங்க. வந்து இன்னொரு பெங்குவினு காலடியில அந்தக் கல்ல வெச்சுட்டு, குனிஞ்சுட்டு நிக்குது. சும்மா நிக்குது. அந்த இன்னொண்ணு கல்லையும் பாக்குது, இதையும் பாக்குது, அந்தாலயும் இந்தாலயும் திரும்பிக்குது. ஒரு முடிவுக்கு வர மாட்டேங்குது. இங்கிரிட்டு அதைய மயிலாத்தாளுக்குக் கையக் காட்டி என்னமோ சொல்லிக் குடுத்துட்டிருந்தா. மயிலாத்தா அதையே கண்ணெடுக்காமப் பாக்கறா. கல்லுப் பொறுக்கற பொழப்பப் பாக்கறதுக்கு இதுதானுங்க நேரம்?

கொஞ்ச நேரத்துல தடம் காலியாச்சு. ஆமாங்க, சத்தியமாக் காலியாச்சு. அந்தக் கல்லு வெச்ச ஜோடி ஒதுங்கித்தான் நின்னுச்சு. இங்கிரிட்டே போலாம்னு கையக் காட்டிப்போட்டா. நான் வா வான்னு கூப்படறேன். மயிலாத்தா நகரல.

"ஏனுங்க, தூரத்துல இன்னும் வர்றாங்க பாருங்க. அவங்க மொதல்ல போகட்டும்," அப்படிங்கறா. பெங்குவினுக்கு மரியாத குடுத்துப் பேசறா.

அவங்க போறதுக்குள்ள கெட்டிமேளம் அடிச்சுப்போச்சுங்க. அந்த அமைதியில போன்ல டும் டும்னு மேளமும் நாயனமும் ஒரேயடியா கெளம்பிருச்சு. சுத்தியிருந்த பெங்குவினெல்லாம் தலையத் தூக்கி நாயனத்துக்கு ஈடாக் கத்துது. நூறு வெள்ளக்காரனும் திரும்பி என்னையப் பாக்கறான். எனக்கு வந்த ஆத்தரத்துல தலைல இருந்த குல்லாவக் கழட்டி வீசுனேன். உள்ள கர்ச்சீப்பு இருந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. முடிச்சு அவுந்து, காத்துல பறந்து, அட்சத அத்தனையும் போயி அந்தக் கல்லு வெச்ச ஜோடி மேல உழுந்துச்சுங்க. சரியா முகூர்த்தத்துல. கெட்டிமேளத்தோட.

மயிலாத்தா சிரிச்சா. வாயப் பொத்தாமச் சிரிச்சா. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க.

அப்பறம் என்ன, அவ்வளவு பேரும் குனிஞ்சு அரிசி பொறுக்குனாங்க. பெரிய பெரிய டாக்டருங்க, கம்பெனிக்காரனுங்க, கப்பல்ல இருந்து கொண்டாந்த கரண்டியில பனியோட சேத்து அள்ளிப் பையில போடறாங்க. ஒரு மணி உடலைங்க. மஞ்சத் தடவுன அரிசி பனியில நல்லாத் தெரியும். நம்ம மண்டபத்துல ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு அரிசி கீழ உழுகுது, ஒருத்தனாவது குனிஞ்சிருப்பானா? எல்லாம் முடிஞ்சு மயிலாத்தாதான் கூட்டி அள்ளுவா, கல்யாணமான நாள்ல இருந்து. வேலக்காரங்கள உட்டா மூலையெல்லாம் அப்படியே உட்ருவாங்க.

கரைக்கு நான் இனி எறங்கவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு வார்த்த எதுத்துப் பேச உடல. மிச்சமிருந்த நாளெல்லாம் மயிலாத்தா மட்டும் போனா. என்னைய ஒரு வார்த்த கேக்கலைங்க, நீங்க இல்லாம நான் போகட்டுமான்னு. பூட்ஸ மாட்டிட்டு வெசையாப் போயிட்டா. நான் மேல் தளத்துல நின்னுட்டு பைனாகுலர்ல பாப்பேன். எல்லாரும் ஒரே செவப்புக் கோட்டு, யாரு என்னன்னு தெரியாது. ஆனா அவ மட்டும் தெரிஞ்சுபோடுவா. மத்தவங்கெல்லாம் போட்டோ எடுப்பாங்க, நடப்பாங்க, கையக் காட்டுவாங்க. அவ சும்மா நின்னுட்டிருப்பா. எனக்குப் பயமே வந்துருச்சுங்க. இத்தன வருசத்துல அவ ஒரு எடத்துல சும்மா நின்னு நான் கண்டதில்ல. ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சு அவ திரும்பி வந்ததும் கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, அங்க ஒரு வேலையும் இல்ல, அதுதான் நின்னேன்னு சொன்னா.

இதுல போயி என்னத்தப் போட்டோ மாட்டறது? அந்த அலாரம் அடிச்ச நேரத்துல போனு தானா ஒண்ணு எடுத்திருக்குது. அதுல நான் குல்லா இல்லாம வாயத் தொறந்துட்டு நிக்கறேன். அதைய மாட்டவா முடியும்?

சரி, ஊர் வந்து சேந்தாச்சு. தாலி கட்டாம வந்தாச்சு. ஜோசியரு இந்தத் தை கடைசியில ஒரு நாளு இருக்குது, அத உட்டா வேற நாளு இல்லீன்னுட்டாரு. நம்ம மண்டபமே இருக்குது, ஒறம்பரையெல்லாம் கூப்புட்டு வெடிய வெடிய மேளம் வெச்சு ஜாம் ஜாம்னு பண்ணிப்போடலாம்னு மயிலாத்தாகிட்டச் சொன்னேன். பத்திரிக்க அடிக்கக் குடுத்துட்டேன்னும் சொன்னேன். கீரை ஆஞ்சுட்டிருந்தா. தலையத் தூக்கல.

"மொத தடவ எங்கப்பனக் கேட்டீங்க. இந்தத் தடவ என்னையக் கேளுங்க," அப்படின்னா.

என்னத்த கேக்கறதுன்னேன்.

"அந்தப் பெங்குவினு கல்லு வெச்சுக் கேட்டாருல்ல, அவராட்டக் கட்டிக்கிறயான்னு கேளுங்க. ரோசிச்சுச் சொல்றேன்," அப்படிங்கறா.

எப்படி இருக்குது பாத்தீங்களா? எல்லாம் அந்த நார்வேக்காரி வேல. அந்தக் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு என்ற சம்சாரத்துக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்கன்னு கேக்கலாம்னு இருக்கறேன். ரெண்டு புள்ளைய வளத்து ஆளாக்கி, பேரன் பேத்தி எடுத்த பொறவு இதைய எப்படிங்க வாயில வர வெக்கறது? யாராச்சும் கேட்டாச் சிரிக்க மாட்டாங்களா? லோகநாதன் அவரு சம்சாரத்த அந்த மலை மேல நிக்க வெச்சுக் கேட்டா கட்டுனாரு?

சரின்னு சொல்லிப்போடுவாங்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனைக்கறனுங்க. சரீன்னுதான் சொல்லுவா. வேற என்ன சொல்லப்போறா. ஆனா இல்லீன்னு சொல்லிப்போட்டா? அதுக்கு ஒரு ரூலும் இல்லீங்களே.

தெனமும் காலைல எந்திரிச்சதும் இன்னைக்குக் கேட்டுப்போடறதுன்னுதான் கெளம்பறேன். சமையக்கட்டு வாசல் வரைக்கும் போறனுங்க. அவ திரும்பி என்னையப் பாக்கறா. கரண்டியக் கீழ வெச்சுட்டு, கையத் தொடச்சுக்கிட்டு, நான் கேக்கட்டும்னு நிக்கறா. நான் காப்பி இருக்குதான்னு கேட்டுட்டுத் திரும்பி வந்தர்றேன்.